திரும்பிப் படுத்த கோட்டை

எங்கள் ஊர் மண்கோட்டை உள்புறம் வெளியாகத் திரும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வெண்ணெய் விலை இறங்கியிருந்த வாரம். எங்கள் ட்ரெந்தே சீமையில் கடவுள் கொடுத்தது மணல் மட்டும். வயல் மண் நாங்கள் ஆக்கியது. தலைமுறை தலைமுறையாகப் புல்கட்டியும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து ஊட்டி வளர்த்தது. ஸ்பெயின்காரனிடமிருந்து எங்களைக் காக்க வந்த ஆங்கிலேயப் படை, அந்த மண்ணையே வெட்டிக் கொட்டச் சொன்னது. சுள்ளிக்கட்டு அடுக்கி, மண்ணேற்றி, அகழி தோண்டினோம். இப்படி எழுப்பிய மண்கோட்டைக்கு எங்கள் பேச்சில் ஸ்கான்ஸ் என்று பெயர். வேலை முடிந்த அன்றே எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கட்டினவனுக்குக் கொப்புளம், காக்க வந்தவனுக்குக் கணப்பு.

வசந்தத்தில் ஸ்பெயின் குதிரைப்படை வந்தது. கம்பளி வியாபாரி ஹில்லே, நொண்டிப் புருஷன் லூபர்ட்டை முதுகில் சுமந்து ஓடிவந்து கதவை இடித்தாள். கேப்டன் தோரல்ட் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இடமில்லம்மா. இது படைக்கு மட்டும்."

"நீ குந்தியிருக்கறதே என் வயல் மேலதான்டா, படுபாவி!"

பின்னாலிருந்து குதிரைக்காரன் குத்திய ஈட்டி முதுகிலிருந்த லூபர்ட்டின் உயிரோடு நின்றது, அவளை எட்டவில்லை. அன்று அவளுக்குக் கிடைத்த மறைவு அவன் ஒருவன்தான்.

அடுத்த முறை குதிரைகள் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. ஊரே கோட்டைக்கு ஓடியது; கதவு அசையவில்லை. ஹில்லே இம்முறை கேப்டனைக் கூப்பிடவில்லை. சுவரை ஓங்கி உதைத்தாள்.

"ஏ மண்ணே! எங்க ஆட்டுப்புழுக்கையத் தின்னு கொழுத்துட்டு, அவனுக்கா வாலாட்டற? வெக்கமாயில்ல?"

தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பதுபோல் சுவர் புரண்டது. நாங்கள் உள்ளே இருந்தோம், தாழ்ப்பாள் எங்கள் பக்கம். படை வெளியே நின்றது. கணப்பும், படுக்கைகளும், கேப்டன் தொப்பி மாட்டும் முளையும் அவர்களோடு வெளியே போயிருந்தன.

"ஹில்லேம்மா, கதவத் திறங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"இடமில்லைங்க கேப்டன். அளந்து பாத்துட்டோம். புண்ணியத்துக்கும் இடமில்ல."

நாங்கள் தோண்டிய அகழியில் கழுத்தளவு சேற்றில் அவர்கள் பகல் முழுக்க ஒளிந்து கிடந்தார்கள். ஸ்பெயின் குதிரைக்காரர்கள் உள்ளே புக வழி தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, அலுத்துப் போய்விட்டார்கள். கேப்டனின் படை மேலும் இரண்டு குளிர்காலம் சுவருக்கு வெளியே நனைந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆள் அனுப்பிக் கெஞ்சியது. ஹில்லே ஒவ்வொரு ஞாயிறும் அதே பதிலைச் சொன்னாள். ஒருநாள்கூட அவள் குரல் தணியவில்லை.

கடைசியில் படை தன் நாடு திரும்பியபோது, எங்கள் மண்ணைக் கொண்டுபோக முடியாதவர்கள் ஸ்கான்ஸ் என்ற எங்கள் சொல்லைக் கொண்டுபோனார்கள். அவர்கள் நாட்டில் மெத்தை நாற்காலியில் புதைந்து, கதகதப்பாக, பத்திரமாக உட்கார்ந்திருப்பவனை 'என்ஸ்கான்ஸ்ட்' என்கிறார்களாம். யார் வெட்டிய மண் என்று அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை.

கோட்டை திரும்பவும் புரளவில்லை. கணப்பு இன்றும் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. மழை பெய்தால் கரி ஒழுகும். கேப்டனின் தொப்பி முளையில் ஹில்லே வீட்டார் ஆட்டைக் கட்டுகிறார்கள். நல்ல உறுதியான முளை.