கிண்ணம் நிறைய சூப்

மனித நாகரிகத்தின் உச்சம், ஓடுகிற ரயிலில் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. நெருப்பும் சக்கரமும் மேசைவிரிப்பும் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன. மூன்று பதிப்பு கண்ட 'ரயில் உணவகத்தில் எதை எதிர்பார்க்கலாம்?' என்ற நூல் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவரை வாசகர்கள் ரயில்புலி என்பார்கள். அவரிடம் ஒரே ஒரு குறை. ரயில் உணவகத்துக்குள் அவர் போனதே இல்லை.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஆடும். அதைப் பார்த்தாலே புலிக்கு முழங்கால் கழன்றுவிடும். முப்பது வருஷமாக மனைவி கட்டித் தந்ததை இருக்கையிலேயே தின்றுவிட்டு, உணவகத்தைப் பற்றி எழுதிவந்தார். மனைவியிடம் சொன்ன காரணம், "வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்காது." உண்மை தெரிந்தால் அவள் ஆயுளுக்கும் சிரிப்பாள்.

இந்தப் பயணத்தில் பக்கத்தில் மனைவி இருக்க, புலி பையைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பும் இருந்தன.

"சாப்பாடு எங்கம்மா?"

"நேத்துதான் உங்க புத்தகத்தைப் படிச்சேன். கட்டுச்சோறு கொண்டுவர்றவன் பயணியே இல்ல, வெறும் மூட்டைன்னு எழுதியிருக்கீங்க. முப்பது வருஷமா ஒரு மூட்டைக்கா சோறு கட்டினேன்? இன்னிக்கு என்னை உணவகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

உணவகம் ஏழு பெட்டி தள்ளி. நல்லவேளை, வண்டி ஒரு நிலையத்தில் நின்றது.

"நான் போய் இடம் பிடிக்கிறேன். பையை யார்கிட்டயாவது பார்த்துக்கச் சொல்லிட்டு மெதுவா வா" என்று சொல்லிவிட்டு இறங்கி, நடைமேடை வழியாகவே ஓடி, உணவகத்தில் ஏறிக்கொண்டார். திரும்புவதும் அதே வழிதான். அடுத்த நிலையம் இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து. அதுவரை மேசையை விடக்கூடாது.

பரிமாறுபவர் சூப் கொண்டுவந்தார். அரைக் கிண்ணம்.

"என்னப்பா, பாதிதான் இருக்கு?"

"வளைவு வருது சார். நிறைய ஊத்தினா உங்க சட்டைதான் குடிக்கும். எவனோ ஒருத்தன் கிண்ணம் நிறைய சூப் வரும்னு புத்தகத்துல எழுதித் தொலைச்சிட்டான். வர்றவங்க எல்லாம் எங்களைப் பிடிச்சுத் திட்டுறாங்க. அந்த ஆள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டான்."

"சிலபேர் அப்படித்தான்" என்றார் புலி, கிண்ணத்துக்குள் பார்த்தபடி.

ஆம்லெட் தின்றார். இன்னொரு சூப். ரொட்டி. இன்னொரு ஆம்லெட். மேசையைச் சுற்றி ஆட்கள் நின்று அவர் மெல்லுவதையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான்காவது சூப்பின்போது மனைவி வந்துசேர்ந்தாள். தகடுகளை வாசற்படி தாண்டுவதுபோல் தாண்டி வந்திருந்தாள். கையில் புத்தகம்.

"கிண்ணம் நிறைய சூப் எங்கங்க?" என்றாள்.

பரிமாறுபவர் புத்தக அட்டையிலிருந்த ஆசிரியர் படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க உட்காருங்க, உங்களுக்கு நான் போடுறேன். ஐயா, நீங்க சாப்பிட்டது போதும். கிளம்புங்க, வரிசை நிக்குது."

"அடுத்த நிலையம் வரட்டும். இறங்கிப் போறேன்."

"ஏன், உள்ளயே போகலாமே சார்?"

புலி மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவி அவர் முழங்காலைப் பார்த்தாள். வண்டி சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அது மட்டும் ஆடியது. அவள் சிரிக்கவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கைப்பையின் வாரை அவரிடம் நீட்டினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்க."

ஆறு இணைப்புகளை அப்படிக் கடந்தார். ஏழாவதில் கண்ணைத் திறந்துவிட்டார்; அதைத் தவழ்ந்து கடந்தார்.