நடுத்தூண்

கில்பர்ட் வீட்டில் அன்று வீடு மந்திரிப்பு. பாதர் புதுக் கட்டடத்துக்கும் புதுக் காருக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டு முகப்பில் ஒரு பக்கம் அந்தக் கார், மறுபக்கம் மேசை போட்டு, ஸ்கூடாய் ஊர்ச் சொந்தபந்தமெல்லாம் பிரியாணியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. எவ்லின் மட்டும் தட்டைத் தொடாமல் தலைக்கு மேலே பார்த்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எவ்லின் கட்டட இன்ஜினியர். கில்பர்ட் அவளுடைய பெரியம்மா மகன். முகப்புக்கு மேலே மகளுக்கு ஓர் அறை கட்ட வேண்டும் என்று போன வருஷம் வந்தவன், அவள் கட்டணத்தைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தான்.

"நாலு கோடு போடுறதுக்கு இவ்வளவா? குடும்பத்துக்குள்ளயே இப்படியாம்மா?"

மனைவி வலேரியிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவள் வரைந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். பல் பிடுங்குபவரிடம் பேரம் பேசாத மனிதன், அவளிடம் மட்டும் கத்தரிக்காய் வாங்க வந்தவன்போல நின்றதை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்தப் படத்தை வைத்து மலிவுக்கு எவனோ கட்டிய அறைதான் இப்போது மேலே நின்றது. அதே ஜன்னல், அதே அளவு, எல்லாம் அப்படியே. நடுவில் தாங்க வேண்டிய தூண் மட்டும் இல்லை.

கில்பர்ட் சிரித்துக்கொண்டே வந்தான். பின்னால் வலேரி.

"எவ்லின், கவுன்சில்ல நோட்டீஸ் குடுத்துட்டாங்க. இன்ஜினியர் கையெழுத்து வேணுமாம். உன் பிளான்தானே, போட்டுக் குடு லா."

"நடுத்தூண் எங்கண்ணே?"

"ரெண்டாவது காரு ஏற இடைஞ்சலா இருந்துச்சு. எடுத்தா செலவும் குறையும்னு கான்ட்ராக்டர் சொன்னான். நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

அவள் உத்தரத்தின் அடியைக் காட்டினாள். புதுச் சாயத்தையும் கிழித்துக்கொண்டு விரிசல் ஓடியிருந்தது.

"அது சாயம் வெடிச்சது" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "சரிம்மா, கோவிச்சுக்காத. அன்னிக்கு நீ கேட்டதயே முழுசா தர்றேன். ஒரு வெள்ளி குறைக்கல. கையெழுத்து மட்டும் போடு."

எவ்லின் தட்டை மேசையில் அடித்து வைத்தாள்.

"அன்னிக்கு நான் காசு கேட்டது இதெல்லாம் தலையில விழாம இருக்கறதுக்கு! அது வேணாம்னுட்டு இப்ப என் பேர விலை பேசுறீங்களா? மேல யாரும் படுக்கக் கூடாது. முட்டுக் குடுக்கிற வரைக்கும் கீழயும் யாரும் நிக்கக் கூடாது. எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று பெரியம்மா முணுமுணுத்தாள்.

வலேரி மட்டும் கேட்டாள். "நெசமாவா எவ்லின்?"

"நெசந்தான் அண்ணி."

வலேரி விறுவிறுவென்று மாடிக்குப் போனாள். மகளின் மெத்தையைப் படிகளில் இழுத்துவந்து ஹாலில் போட்டாள். மூச்சு வாங்க வெளியே வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"அவ்வளவு உறுதின்னா, இன்னிக்கு நீங்க மேல படுங்க."

கில்பர்ட் அந்த விரிசலை நிமிர்ந்து பார்த்தான். சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து, மந்திரித்த காரை அவசர அவசரமாக ரோட்டுக்கு எடுத்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் சொந்தபந்தம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது.