பச்சை மூடி

அன்று காலை என் கணவர், எங்கள் மகன் ஒகிரோரின் அப்பா, முற்றத்தில் உட்கார்ந்து, சோடா பாட்டில் மூடிகளின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கிக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் விரல் கிழியக் கூடாது என்று.

"ஊர்ப் பிள்ளைங்க மனசையெல்லாம் கவனிக்கிறவளே, புருஷன் வயித்தக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?"

"கஞ்சி ஆறுது. முழுசாத் தட்டிட்டு வாங்க."

"ஒன்னுதான் பாக்கி. சாயந்தரம் பாத்துக்கலாம்."

பத்து மணிக்கு, சொரோட்டி நகருக்குப் போகும் சாலையில் அவருடைய சைக்கிள் மீது லாரி மோதியது.

நான் வாரம் ஒருமுறை பள்ளிக்குப் போய், பிள்ளைகளை மனம்விட்டுப் பேச வைக்கும் வகுப்பு எடுப்பவள். தொடங்கும்போது ஒவ்வொருவரும் தகர டப்பாவில் ஒரு மூடி போடவேண்டும். நன்றாக இருந்தால் பச்சை, மனம் பாரமாக இருந்தால் சிவப்பு. முதல் மூடி என்னுடையது. இங்கே யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது நானே வைத்த விதி.

அகிடெங்குக்குப் பதின்மூன்று வயது. அம்மா இறந்த பிறகும் ஒரு வருடம் பச்சையே போட்டுவந்தவள், விபத்துக்கு முன் நடந்த கடைசி வகுப்பில்தான் முதல்முறையாகச் சிவப்பு போட்டாள். "அடுத்த வாட்டி சொல்றேன் மேடம்" என்றாள்.

என் கணவரின் அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் வகுப்புக்குப் போனேன். அடக்கத்தில் பாடியதே அந்தப் பிள்ளைகள்தான். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். சிவப்பை எடுத்தால் அழுதுவிடுவேன். ஊருக்குப் பாடம் சொன்னவள் வகுப்பில் நின்று அழுதாள் என்று பேசுவார்களே என்று பயந்தேன். பச்சையைப் போட்டேன்.

முன்வரிசைப் பையன் மெதுவாகச் சொன்னான்: "மேடம், அது பச்சை."

"தெரியும்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அகிடெங்கின் கையில் ஏற்கெனவே சிவப்பு இருந்தது. என்னைப் பார்த்தாள். அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தாள்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டேன். "ஏதோ சொல்றேன்னியேம்மா?"

"ஒன்னுமில்ல மேடம். நானும் நல்லாத்தான் இருக்கேன்."

என் வார்த்தைகள், என் குரல்கூட. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் நான் சிவப்பு போட்டேன், எல்லோர் முன்னாலும் அழுதேன். சில பிள்ளைகள் என்னோடு அழுதார்கள். அகிடெங் பச்சைதான் போட்டாள். அந்த ஆண்டு முடியும்வரை பச்சைதான். பிறகு அவளுடைய அப்பா அவளைக் கூமி ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

டப்பாவை இன்றும் எடுத்துப் போகிறேன். என் கணவர் சாயந்தரத்துக்கு வைத்த மூடியும் அதில் கிடக்கிறது. அதன் விளிம்பு இன்னும் மடக்கப்படவில்லை.