பின்பலகையில் ஒட்டிய பக்கம்

2.

ஒன்று இல்லை, தேடாதீர்கள். இந்தக் கதையின் முதல் பகுதி ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒட்டிக்கிடக்கிறது. அந்த ஆத்திரத்தில்தான் மீதியை எழுதுவது. (‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே ‘அவள்’.)

அவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஸ்பீக்கர் பெட்டி செய்யும் அண்ணனின் பட்டறையில் பலகைக்கு உப்புத்தாள் தேய்க்கிறாள். வெளியாள் வந்தால் வாய் திறக்கமாட்டாள். அண்ணன் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

3.

பேஸ் கிட்டார்காரர் அண்ணன் செய்துகொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அன்று மழை… (பெய்யவில்லை. விடுங்கள்.)

“என்ன மாஸ்டர், எந்தக் கம்பியத் தொட்டாலும் ஒரே ‘தொம்’முங்குது! வயித்துல குத்துது, சுரம் காதுல விழல.”

“பதினஞ்சு இன்ச் ஸ்பீக்கர், தலைவா! இதுக்கு மேல என்ன வேணும்?”

ஸ்பீக்கர் பெரிது, பெட்டி சின்னது. உள்ளே அடைபட்ட காற்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு குமுறியது. (‘அவளைப் போலவே’ என்று ஓர் உவமை வந்தது. மலிவு. அடித்துவிட்டாள்.)

அன்றே நோட்டில் வரைந்தாள்: பத்து இன்ச் ஸ்பீக்கர் இரண்டு, அகலமான பெட்டி, காற்று வெளியேற முன்பலகையில் ஒரு குழாய், அதன் நீளம். பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தில் இந்தக் கதையைத் தொடங்கினாள்.

4.

வரைபடத்தைப் பின்பலகையின் உள்பக்கம் ஒட்டுவது பட்டறை வழக்கம். நாளைக்குப் பழுதுபார்க்கிறவனுக்கு அளவு தெரிய வேண்டுமே. கீழே செய்தவர் பெயர். அண்ணன் பக்கத்தைக் கிழித்தான். அதன்படி பலகை அறுத்தான். பக்கத்தை உள்ளே ஒட்டினான். தன் பெயரை எழுதினான். வரைபடம் மேலே, கதை பசைக்குள்.

“என் நோட்டுண்ணா அது.”

“நோட்டு உன்னுது. பட்டறை யாருது? போய்த் தேய்.”

5.

பேஸ்காரர் புதுப் பெட்டியில் வாசித்துப் பார்த்தார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, அழுத்தி வைத்த காலடி போல வந்தது.

“கையக் குடுங்க மாஸ்டர்! யார் கணக்கு இது?”

“வேற யாரு? நம்மதுதான்.”

“பின்னாடி மட்டும் லேசா அதிருது.”

“ஏய் ஊமைக்கோட்டான், அந்த ஸ்க்ரூவ இறுக்கு.”

அவள் கையில் திருப்புளி.

முடிவு அ: வலப்பக்கம் திருப்பினாள். அதிர்வு நின்றது. பெட்டி அண்ணன் பெயரோடு வண்டியேறியது.

முடிவு ஆ: இடப்பக்கம் திருப்பினாள். எட்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பலகையை அவர் முன்னால் நிறுத்தினாள். “அளவையும் பாருங்க, பேரையும் பாருங்க. ரெண்டும் ஒரே கை எழுதுனதா?” (இவ்வளவு நீளமாக அவள் பேசுவாளா? பேசினால் என்ன?)

6.

எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என எழுதப்போனேன். ஆமாம், நான்தான். எதற்கு உங்களிடம் தர வேண்டும்? எடுத்துக்கொண்டு போனவர்கள் போதும். திருப்புளி எந்தப் பக்கம் திரும்பியது என்பது என்னோடு இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தின் கீழே என் பெயரை எழுதிவிட்டேன். பிறகுதான் அடுத்த பெட்டியை வரையப் பின்புறத்தைத் திருப்புகிறேன்.