நான்கு பேர் ஆட்டிய கடல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிறுதோறும் மதியம் தன் கடை மாடியில் பழைய விண்வெளிப் படங்கள் போடுவார். ஒரே படம் இரண்டு வாரம் ஓடும். முதல் வாரம் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். மறுவாரம் அதையே நிறுத்தி நிறுத்தி, எதை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பேச வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பிரிப்பு’. பிரிப்பன்று ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்லும் இடத்தில்தான் படம் நிற்கும். மூன்று பிரிப்பாக அது என் அக்காவின் கையில் இருந்தது. எனக்கு அது வேண்டும்.

அக்கா கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழகிய வாய். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து வீட்டில்தான். மாடிக்கு அவளோடு ஏறுவேன், அவளுக்குப் பின்நாற்காலியில் உட்காருவேன், அவளோடு இறங்குவேன். பார்த்ததை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, தையல் மெஷின் இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைப்பேன்.

அந்த முறை போட்டது, விண்கலம் ஒன்று மலைமேல் பறக்கும் படம். கம்பியில் கட்டிய பொம்மைதான். நிற்கும்போது மட்டும் அதன் மூக்கு ஒரு நொடி லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு நான் ‘தொங்கல்’ என்று பெயர் வைத்திருந்தேன். எல்லோரும் கம்பியை மேலேதான் தேடுவார்கள் என்பதால், பொம்மையையும் மலையையும் கேமராவையும் தலைகீழாக மாட்டி எடுத்திருக்கிறார்கள். புகை கீழ்நோக்கிப் போவதைக் கவனித்தால் பிடிபட்டுவிடும். இதையெல்லாம் நோட்டில் எழுதினேன்.

பிரிப்பன்று அக்கா படத்தை நிறுத்தினாள். “மூக்குல ஒரு தொங்கல் தெரியுது, பாத்தீங்களா?”

என் சொல். புகையையும் விடவில்லை, அதையும் சொன்னாள். கடைக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வாராவாரம் மனைவியோடு படம் பார்க்க வரும் பல் டாக்டர் கைதட்டினார். அடுத்த வாரமே அந்தச் சொல் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. மாடிப்படியில் ஆடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர், இதிலும் தொங்கல் இருக்கிறதே என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா எனக்குத் தெரியாமல் நோட்டைப் படித்ததைக்கூட மன்னித்திருப்பேன். நான் இருக்கும் அறையிலேயே, ஒருமுறைகூட என் பக்கம் திரும்பாமல் சொன்னாளே.

அடுத்தது கடல் கிரகத்துப் படம். கலம் கடலில் விழும், தண்ணீர் எழும்பும். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன்: ‘இது தண்ணீரே இல்லை. பட்டுத்துணி. அடியில் நான்கு பேர் படுத்துக்கொண்டு ஆட்டுகிறார்கள்.’ முழுப் பொய். அக்காவுக்குப் படிக்கச் சிரமம் இருக்கக்கூடாது என்று கையெழுத்தைக்கூடத் திருத்தமாக வைத்தேன். நோட்டை இந்த முறை துணிகளுக்கு மேலேயே போட்டேன்.

பிரிப்பில் அக்கா அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்றார் கடைக்காரர். பல் டாக்டருக்குத் துணி மடிப்பே தெரிந்தது. பட்டில்தான் இந்த மினுமினுப்பு வரும் என்றார் அவர் மனைவி. என் உண்மைக்குக் கிடைத்ததைவிட என் பொய்க்கு அக்காவுக்குக் கிடைத்த பாராட்டு அதிகம்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கடலைப் படமாக்க யாரோ ஒரு தண்ணீர்த் தொட்டியோரம் எத்தனை நாள் நனைந்துகொண்டு நின்றிருப்பார்கள். அவர்கள் உழைப்பைத் துணியாக்கியது நான். எழுந்துவிட்டேன்.

“அது துணி இல்ல, தண்ணிதான்.”

நாற்காலிகள் எல்லாம் கிரீச்சிட்டுத் திரும்பின.

“கலம் விழுற இடத்துல நிறுத்துங்க. ஜன்னல் பக்கத்துல ஒரு சொட்டு தெறிக்கும். ஜன்னல் அளவுக்கு இருக்கும். கப்பலைச் சின்னதா செய்யலாம், மலையைச் சின்னதா செய்யலாம். சொட்டைச் சின்னதா செய்ய முடியாது.”

அக்கா நிறுத்தினாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது சொட்டு. கேமராவை வேகமாக ஓட்டி அலைகளை மெதுவாக்கி, ஒரு தொட்டியைக் கடலாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொட்டை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்படியானால் துணிக்கதை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் அக்காவைக் கேட்டார். அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. நான் ஆசைப்பட்ட கணம் அதுதான். பிறகு சிரித்தாள்.

“வேணும்னுதான் சார் சொன்னேன். இவ வாயைத் திறக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல.”

அறையே சிரித்தது. உனக்கு நல்ல அக்கா வாய்த்திருக்கிறாள் என்றார் பல் டாக்டரின் மனைவி. அக்கா ரிமோட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கொடுத்தவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

தெருவில் இறங்கியதும் கேட்டேன், நோட்டைப் படிக்கிறாயா என்று. ஆமாம் என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் தானாகவே பேசினாள்.

“நானும் அதே படத்தைத்தான் பாக்கறேன். எனக்குக் கப்பல் மட்டும்தான் தெரியுது. உனக்கு மட்டும் எப்படிடி சொட்டெல்லாம் தெரியுது?”

குரலில் எரிச்சல் இருந்தது. என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை. அதைக் கேட்டு நான் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் என் மனம் மாடியிலேயே நின்றது. மாட்டிக்கொண்ட அந்த ஒரு நொடியில் எப்படி அவளுக்கு அப்படியொரு பதில் வந்தது? அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வீடு வந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே வரவில்லை.