கதவின் மேல் நின்ற பையன்

நாணயச்சாலையில் அவளை எல்லோரும் லென்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதலையின் முப்பதாம் ஆண்டுக்காக அடிக்கும் தங்கக் காசுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் குறை பார்ப்பது அவள் வேலை. கையுறை இல்லாமல் தொட்டால் போச்சு. விரல் ரேகை விழுந்த காசு வெளியே போகாது, திரும்ப உலைக்குத்தான் போகும்.

காசில் இருந்தது நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த படம். விடுதலை நாளன்று சிறைச்சாலையின் பெரிய கதவு உச்சியில் ஒரு பையன் நின்று கையை வீசுகிறான். செய்தித்தாளில் அவன் முகம் வெறும் மைத் தீற்றல். அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு அம்மா, "இது என் பிள்ளை" என்றாள். பழைய ஆட்சிக்காரர்கள் லென்சக்காவின் அண்ணனைப் பிடித்து அந்தச் சிறையில் போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கதவு மேல் நிற்கிறான் என்றால் உயிரோடு வெளியே வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? அடிபட்டதில் புத்தி பிசகி எங்கோ போயிருப்பான், என்றைக்காவது வருவான். இந்த நினைப்பிலேயே அம்மாவின் காலம் ஓடியது. லென்சக்காவும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், படத்தில் இருப்பது எங்கள் அண்ணன் என்று பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

முதல் காசு மேசைக்கு வந்த அன்று அவள் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள். காசில் முகம் தெளிவாக இருந்தது. அகன்ற தாடை, ஒட்டிய காதுகள். அண்ணனுக்குக் காது விடைத்து நிற்கும். அதைச் சொல்லித்தான் சின்ன வயதில் அவனை அழ வைப்பாள்.

"யார் முகம் சார் இது?" என்று செதுக்குபவரிடம் கேட்டாள்.

"அந்தப் பையனோடதுதான். இப்போ பஸ் ஓட்டறார். வந்து உக்காந்து முகம் காட்டிட்டுப் போனாரே."

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவாள். சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்பாள். சாப்பிட்டதும், தூங்கி எழட்டும் என்பாள். அவள் இப்படி மென்று விழுங்கிக்கொண்டிருக்க, மேனேஜர் முந்திக்கொண்டார். தங்கமான மனிதர், அதுதான் வினையே. பிள்ளையின் காசை ஊருக்கு முன்னால் பெற்றவள் பார்க்கட்டும் என்று வீட்டுக்கு வண்டியே அனுப்பிவிட்டார்.

அம்மா இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்து, மகளின் நாற்காலியில் உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"செதுக்கினவர் குத்துமதிப்பா போட்ட முகம்மா அது" என்றாள் லென்சக்கா.

அம்மா கையுறையை உருவிப் போட்டுவிட்டு அந்தக் கன்னத்தை விரலால் தடவினாள். பக்கத்து மேசைக்காரி, "ஐயோ பெரியம்மா!" என்று பதறினாள். லென்சக்கா அவளைக் கண்ணாலேயே அடக்கினாள்.

அந்த நேரம் பார்த்தா அவர் வர வேண்டும்! பட்டறைப் பேச்சு எதையும் காதில் போட்டுக்கொள்ளாத செதுக்குபவர், வழுக்கை விழுந்த ஒரு ஆளோடு உள்ளே வந்தார். "இவர்தான் கதவு மேல நின்னவர். தன் காசைப் பார்க்கணும்னார், கூட்டிட்டு வந்தேன்."

அம்மா வந்தவரின் தாடையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள்.

"நீயாப்பா அது?"

"ஆமாம்மா."

லென்சக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அம்மா விழவில்லை. விட்ட இடத்திலிருந்து வேறு ஒரு நூலைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிப்பா. உள்ளேருந்து வந்தவங்களை நீ பார்த்திருப்பியே. ஒல்லியா, காது விடைச்சுக்கிட்டு ஒரு பையன்... என்னைக் கேட்டானா?"

பஸ்காரர் செதுக்குபவரைப் பார்த்தார். பிறகு அம்மாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் வெளியிலேருந்து ஏறினவன்மா. எல்லாரும் வாங்கன்னு கை வீசினேன், அதைத்தான் படம் பிடிச்சாங்க. அப்புறம்தான் கதவை உடைச்சோம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உள்ளே யாருமே இல்லம்மா. எல்லா அறையும் பார்த்தோம். ஒருத்தர்கூட இல்ல. இந்தப் படத்தைப் போட்ட பேப்பர் எதுவும் அதைப் போடல."

மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பஸ்காரரின் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். தெருவெல்லாம் விழாவுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பாதி வழியில் நின்றாள்.

"செத்தவங்களுக்கு ஒரு நாள் வேணுமேடி. அவனுக்கு எதை வச்சுக்கறது?"

லென்சக்கா மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். சிறைக்குள் அவன் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த நாள் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "விடுதலை நாளையே வச்சுக்கலாமாம்மா?"

அம்மா கொடிகளை அண்ணாந்து பார்த்தாள்.

"அது வேணாம்டி. அன்னிக்கு ஊரே சந்தோஷமா இருக்கும். நாம மட்டும் உக்காந்து அழுதா நல்லாவா இருக்கும்?"