மேலே போட்ட ஓட்டை

1

இந்தக் கதை நல்லூரில் ஒரு பேக்கரியில் பிறந்தது. தண்ணி லாரி ஓட்டுவதை விட்ட பிறகு டீ குடிக்கவும் பொய் சொல்லவும் அங்கேதான் போகிறேன். ஒரு பேரலில் ஓட்டை போட்ட கதையை எடுத்துவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து வந்துவிடுவேன். மிச்சக் கதை அங்கே யாருக்கும் தெரியாது. எழுதினால் அப்படி எழுந்து போக முடியாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

(எழுந்து போக முடிகிறது. இதற்குள்ளேயே ஒரு தடவை எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் திருப்பூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு எப்படி இருந்ததென்றால், என் லாரிக்குப் பின்னால் பல்லடம் வரைக்கும் காக்கைகள் வரிசை கட்டிப் பறந்து"

அடித்துவிட்டேன். இரண்டாவது முயற்சி.

சிவராஜ் என்று ஒரு பையன். பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட் என்று சோதனைக்கு வர ஆரம்பித்தபோது ஒரு சாயப்பட்டறையில் விதிமுறை பார்க்கிற காம்ப்ளையன்ஸ் ஆபீசராக வைக்கப்பட்டவன். கெமிக்கல் தீர்ந்த பேரலை அலசி, லேபிளைக் கிழித்து, ஓட்டை போட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்பது அவன் கொண்டுவந்த விதி. ஓட்டை இருந்தால் யாரும் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க மாட்டார்கள் அல்லவா.

அதற்கு முன்னால் காலிப் பேரலை முறை வைத்து வேலையாட்களுக்குத் தீபாவளி இனிப்போடு கொடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். குழாயில் வாரக்கணக்காகத் தண்ணீர் வராத லைன் வீடுகளில், நீலப் பேரல் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.*

* பொய். யோசிப்பார்கள், அவ்வளவுதான்.

3

ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. புருஷன் சகாயராஜ் அந்தச் சாயப்பட்டறையில் கெமிக்கல் தூக்குகிறவன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஜெனிபர். அவர்கள் முறை வந்த வருஷம்தான் விதியும் வந்தது. ரோஸ்மேரி பட்டறைக் கேட்டுக்கே வந்து சிவராஜைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"எல்லா வீட்லயும் பேரல் இருக்கு சார். எங்க முறைக்குத்தான் உங்களுக்குச் சட்டம் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"கெமிக்கல் பேரலுங்கக்கா. அதுல குடிக்கத் தண்ணி புடிக்கக் கூடாதுங்க."

"குடிக்கதுக்குக் குடம் இருக்கு. இது துணி தொவைக்க, பிள்ளையக் குளிப்பாட்ட. உங்க வீட்ல எதுல பிடிச்சு வச்சுக் குளிக்கீக?"

"எங்கூட்ல போர் இருக்குதுங்க."

"அப்ப சரி. போர் இருக்கவுக சட்டம் பேசலாம்."

"கண்ணு, பேசாம ஆடிட்டுக்கு இந்தக்காவையே வெச்சுக்கோ" என்றேன் நான். கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிவராஜின் காது சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் சிவராஜைப் படைப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது. இளகிய மனசுக்காரனா, வெட்கத்துக்குப் பயந்தவனா? முதலில் 'அவன் கண்ணில் கருணை' என்று எழுதி

நான் கண்ணைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். ட்ரில் மிஷினை எடுத்தான். பேரலின் அடியில் வைக்காமல், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து ஓட்டை போட்டான். ஓட்டை இருக்கிறதா என்றுதான் ஆடிட்டர் பார்ப்பார். எங்கே என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அலசினார்களா என்றால், அலசினார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் அலசுவது என்றால் பேரலுக்குத் தண்ணீரைக் காட்டுவது.

4

அடுத்த லோடுக்கு ரோஸ்மேரியின் லைன் வீட்டுக்குப் போய்ப் பேரலுக்குள் ஓஸ் குழாயைப் போட்டேன். பேரல் நிறைந்து தண்ணீர் மேலே ஏறியதும் ஓட்டை வழியாகச் சர்ரென்று வெளியே அடித்தது.

"ஏனுங்கம்மிணி, உங்க பேரலு நின்னுக்கிட்டே ஒண்ணுக்குப் போகுதுங்."

ஜெனிபர் விழுந்து விழுந்து சிரித்தது. பேக்கரியில் கதை இந்த இடத்தில் முடியும்.

5

சில வாரம் கழித்து, வாந்தி எடுத்து, உதடு கறுத்து, மூச்சு வாங்கிக் கிடந்த அந்தப் பிள்ளையை என் லாரியில்தான் ஏற்றினோம். லாரி பறந்தது என்று எழுத எனக்கு ஆசை. பறக்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்றது.

"குடத்துத் தண்ணிதான் குடுப்பேன் அண்ணாச்சி" என்றாள் ரோஸ்மேரி. "நீங்க ஊத்திட்டுப் போனப்புறம் ஓட்டைல வாய வச்சுக் குடிச்சிருக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளைக சொல்லுதுக. அவளுக்கு அது விளையாட்டு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பேரல்ல முதல்ல என்ன இருந்தது? பேர் தெரிஞ்சாத்தான் சரியான முறிவு மருந்து குடுக்க முடியும்."

"ஆசிட்டா இருக்கும்... இல்ல, சாயம் பிடிக்க ஊத்துவோமே, அதுவா..." சகாயராஜ் விரல் விட்டு எண்ணினான். "எல்லாம் நீலப் பேரல்தான் டாக்டர்."

சிவராஜ் ஓடி வந்தான். மேனேஜருக்குப் போன் போட்டான். மேனேஜரின் குரல் எப்போதும் போனுக்கு வெளியேதான் கேட்கும்.

"நம்ம பேரல் எல்லாம் ஓட்டை போட்டுத்தானே தம்பி போச்சு? அது நம்முளுது இல்லப்பா."

"ஓட்டையை மேல போட்டது நான்தானுங்க சார். உள்ள என்ன இருந்துதுன்னு யாராச்சும் பார்த்துச் சொல்லுங்க."

"லேபிளைப் பாரு."

"லேபிளையும் நான்தானுங்க கிழிச்சேன்."

"அப்புறமென்ன. எல்லாம் விதிப்படிதானே நடந்திருக்குது." போன் வைக்கப்பட்டது.

6

முடிவு, ஒன்று: சிவராஜ் குப்பைமேட்டில் புரண்டு கிழிந்த லேபிளைக் கண்டுபிடித்து, வாயில் கவ்விக்கொண்டு

முடிவு, இரண்டு: டாக்டரம்மா குத்துமதிப்பாகக் கொடுத்த மருந்து கேட்டு, ஜெனிபர் எழுந்து உட்கார்ந்து டீயும் பன்னும்

எனக்கும் நாலைந்து கெமிக்கல் பெயர் தெரியும். 'பேரலில் இருந்தது இன்னது' என்று ஒன்றை எழுதிவிடலாம். நீங்கள் நம்புவீர்கள். டாக்டரம்மாவும் நம்பி ஊசியை எடுப்பார். வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்கள் காற்றில் போயின. இது அந்தப் பிள்ளையின் ரத்தத்துக்குள் போகும். என்னால் எழுத முடியவில்லை.

பேரலில் இருந்தது

டாக்டரம்மா மறுபடி கேட்கிறார். சிவராஜ் சகாயராஜைப் பார்க்கிறான். சகாயராஜ் தரையைப் பார்க்கிறான். ரோஸ்மேரி என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்க படிக்கத் தெரிஞ்சவுக. நீங்களாவது சொல்லுங்க, என்ன இருந்துச்சு?"